கீழே படத்தில் இருக்கும் எல்லோரும்

"இந்தக் கூலிங்கிளாஸ் போட்டவரு எங்க ஸ்கூல்ல என்ன பாடம் எடுக்கறாரு?"

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. வில்லாபுரத்தில் நான் வேலை பார்த்த பிளக்ஸ் கடையின் வாசலில், ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சுருட்டிய பிளக்ஸை அக்குளில் இடுக்கியபடி கேட்டார். அவருக்குப் பின்னால் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

பிறந்தால் பிளக்ஸ், காது குத்தினால் பிளக்ஸ், சடங்கானால் பிளக்ஸ், செத்தால் எல்லாவற்றிலும் பெரிய பிளக்ஸ். மதுரையில் மனிதன் தன் முகத்தைக் கம்பத்தில் கட்டாமல் எந்த வாசலுக்குள்ளும் நுழைவதில்லை, உலகத்தை விட்டு வெளியேறுவதும் இல்லை. படங்களை வைத்து வடிவமைப்பதும், அவற்றுக்கு அடியில் உருகி ஓடும் வரிகளை எழுதுவதும் என் வேலை. முதலாளி எனக்கு மச்சினன் முறை. வருகிறவர்களிடம் "எங்க மாப்ள கவிஞரு, நாலு வரியில கண்ணு கலங்க வச்சிருவாரு" என்று சொல்லித்தான் ஆர்டர் பிடிப்பார். கலங்க வைத்தேன். வானத்தை அழவிட்டேன், நிலவைக் கறுப்புக்கொடி ஏந்தவிட்டேன். என் சொந்தக் கவிதைகள் எந்தப் பத்திரிகையிலும் இரண்டு நாளைக்குமேல் தங்காமல் திரும்பிவந்த காலத்தில், மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம் வரைக்கும் ஆளுயர எழுத்தில் வெயிலிலும் மழையிலும் தொங்கியவன் நான்.

ஆனால் ஒரு விஷயம். நாங்கள் எதையும் புதிதாகச் செய்வதில்லை. பழைய பிளக்ஸ் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறப்போம், பெயரை மாற்றுவோம், படத்தை மாற்றுவோம், வேறு பெயரில் சேமிப்போம். அவ்வளவுதான் தொழில். பிளக்ஸின் அடியில் சொந்தபந்தங்கள், நண்பர்கள் என்று வட்ட வட்டமாகத் தலைகள் வரிசைகட்டி நிற்குமே, அந்தக் கீழ்வரிசையில்தான் அன்று தகராறு. பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் அடித்த பிளக்ஸில், ஆசிரியைகளுக்கு நடுவே, தடித்த செயினும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

முதலாளி சமாதானத்துக்கு வந்தார். "ஓரமாத்தானே நிக்கிறாரு டீச்சர். யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

அவரைப் பற்றி ஒரே ஒரு சொல்லில் எழுதச் சொன்னால் நான் இந்த 'பாத்துட்டேனே'வை எழுதிவிட்டு எழுந்து போய்விடுவேன். கண்ணில் பட்ட தப்பைப் படாததுபோல அடுத்த கைக்கு மாற்றிவிடும் வசதி நம் எல்லோருக்கும் உடம்பிலேயே இருக்கிறது. அவருக்கு வைக்க மறந்துவிட்டார்கள்.

பிளக்ஸை மாற்றித் தருகிறோம் என்ற பிறகும் போகவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்காரர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தே ஆகவேண்டும் என்றார். பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். கண்காட்சிக்கு முன்னால் ஒரு புதுமனை புகுவிழா. அதிலும் இருந்தார். அதற்கு முன்னால் யாரோ ஒரு பெரியவரின் பதினாறாம் நாள். அங்கே கண்ணீர் அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னால் ஒரு காதணி விழா. அங்கேதான் அவருக்கு நியாயமாக இடம் இருந்தது: தாய்மாமன். நடுவில் வந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அவர் யாரென்று கேட்கவே இல்லை. யாரோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்திருப்பார்கள்.

டீச்சர் சிரித்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க பாடத்துலயும் இதேதான் கவிஞரே" என்றார்.

ஒரு மிஷன் பள்ளியில் மேல்வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவர் அவர். புது பிளக்ஸ் அச்சாகும்வரை அன்று காத்திருந்தார். மிஷினின் தலை இடமும் வலமுமாக ஓடி, ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாக நிறத்தைப் பூசிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தனக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை இன்னொரு படி எடுத்துக்கொள்ளுமாம். அதுவும் எங்களைப் போலத்தான், வெறும் தாளில் உட்கார்ந்து எழுதாது, பழசைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதும். முறுக்கிய கயிறு மாதிரி இரண்டு பிரி. முறுக்கைக் குலைத்துப் பிரிகளை விலக்கிவிட்டால், ஒவ்வொரு பிரியும் தனக்கு எதிரே ஒரு புது ஜோடியைக் கட்டிக்கொள்ளும். மொத்தம் நாலே எழுத்து. எந்த எழுத்துக்கு எதிரே எது உட்காரலாம் என்பது நம் ஊரில் முறை பார்த்துப் பெண் எடுப்பதுபோல, மாறவே மாறாது. கடைசியில் இரண்டு கயிறு. இரண்டிலும் பழைய பிரி ஒன்று, புதுப் பிரி ஒன்று.

"பாதி பழசு, பாதி புதுசு. முழுசும் புதுசுன்னு உடம்புல ஒண்ணும் கெடையாது. உங்க கவிதை மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் நிறுத்தவில்லை. எழுத்துகளைக் கோத்துக்கொண்டு போகிற நொதிக்கு ஒரே திசையில்தான் ஓடத் தெரியுமாம். இரண்டு பிரிகளோ ஒன்றுக்கொன்று தலைகீழாகப் படுத்திருக்கின்றன. அதனால் ஒரு பக்கம் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். மறுபக்கம் கொஞ்சம் எழுதி, மறுபடி முறுக்குக் குலையும் இடத்துக்கே தாவிப் போய், அங்கிருந்து இன்னொரு துண்டு எழுதி, துண்டுகளைப் பிற்பாடு ஒட்டவேண்டும். இதைக் கேட்ட நிமிஷத்தில் எனக்கு உள்ளே ஏதோ நகர்ந்தது. என் வயசுக்காரர்கள் எல்லோரும் அந்த ஒரே ஓட்டப் பிரியில் வீடு, வேலை, பிள்ளை என்று நிற்காமல் போய்விட்டார்கள். நான் துண்டு துண்டாக, பின்னுக்குத் தாவித் தாவி எழுதப்பட்டவன். இன்னும் யாரும் ஒட்டவில்லை. அதுவும் ஒரு பிரதிதான் என்று ஒரு விலங்கியல் டீச்சர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

"தப்பு வராதா?" என்று கேட்டேன்.

வரும் என்றார். தவறான எழுத்தைக் கோத்துவிட்டால் அந்த நொதிக்கே உறுத்தும். நிற்கும், ஒரு எட்டு பின்னால் வரும், வைத்ததை வெட்டி எறிந்துவிட்டுச் சரியானதை வைக்கும், மறுபடி ஓடும். அதையும் மீறித் தப்பியவற்றுக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறது. எழுதி முடித்த கயிற்றைப் பின்னாலேயே தடவிக்கொண்டு வரும். எங்காவது புடைப்பாகத் தட்டுப்பட்டால், புதுப் பிரியில் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி நிரப்பும்.

"அதுக்கெல்லாம் ரோசம் கெடையாது பாருங்க. நான் எழுதுனது தப்பான்னு மல்லுக்கு நிக்காது. பைய ஒரு எட்டு பின்னால வந்துட்டுப் போயிரும்."

"அவங்களும் பாக்காம விட்டா?"

"அப்புறம் என்ன, தப்பையும் அதே பக்தியோட படியெடுக்கும். அடுத்ததுக்கு, அதுக்கு அடுத்ததுக்கு." திரையில் நின்ற கறுப்புக் கண்ணாடிக்காரரைக் காட்டினார். இந்த முறை சிரிக்கவில்லை.

அதன் பிறகு அடிக்கடி வந்தார். பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது ஒரு பிளக்ஸ் இருந்துகொண்டே இருந்தது. இல்லாவிட்டாலும் வந்தார். அந்தக் கடை இப்போது கைமாறி செல்போன் கடையாகிவிட்டது, டீச்சரும் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். என்றாலும் வில்லாபுரம் பக்கம் போனால் அந்த வாசலில் ஒரு காலை ஊன்றிய ஸ்கூட்டர் ஒன்று எனக்கு மட்டும் நிற்கிறது.

அந்த ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆனையூரில் அவர் வீடு. ஒரு சாயங்காலம் பைபாஸ் ரோட்டில் யாரோ ஒரு வெளியூர்க்காரர் வழி கேட்டிருக்கிறார். வலது பக்கம் என்று கைகாட்டிவிட்டு டீச்சர் பாதி தூரம் வந்துவிட்டார். அப்புறம்தான் இடது பக்கம் என்று சொல்லியிருக்கவேண்டும் என்பது உறைத்திருக்கிறது. நானாக இருந்தால் அடுத்த ஆளிடம் கேட்டுக்கொள்வார் என்று விட்டிருப்பேன். நீங்களும்தான். அவர் அந்தப் போக்குவரத்தில் வண்டியைத் திருப்பி, அந்த மனிதரைத் துரத்திப் பிடித்து, நான் சொன்னது தப்புங்க என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஆள் பயந்தே போயிருப்பார்.

வகுப்பிலும் அப்படித்தானாம். நேற்று நான் சொன்னது தப்பு, அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள் என்று மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவார். உங்கள் மதிப்பு என்ன ஆகும் டீச்சர் என்று ஓய்வறையில் சக ஆசிரியை ஒருத்தி கிண்டல் செய்ததற்கு, பிள்ளைங்க தப்பாப் படிச்சிட்டுப் போனா உங்க மதிப்பு என்னாகும் டீச்சர் என்று அதே குரலில் திருப்பிக் கேட்டுவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தவர். இதை அவரே சொல்லி அவரே ரசித்தார்.

பிடிக்காதவர்கள் நிறைய. குறிப்பாகச் சொந்தக்காரர்களின் இழவு வீடுகளில். நம் ஊரில் சாவு வீட்டுக்குப் போகிறவன் எப்ப எடுக்கறீங்க என்று மட்டும்தான் கேட்கவேண்டும். டீச்சர், எதனால என்று கேட்பார். வயசாயிருச்சு என்பார்கள். நாப்பத்தஞ்சு ஒரு வயசா என்பார். வயித்துவலி என்பார்கள். வயித்துல எங்க என்பார். அழுதுகொண்டிருக்கிற பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு முறைப்பார்கள். சபையில் ஒரு ஜெபக்கூட்டத்தில், அவருடைய பெரியப்பா எழுந்து, ஜெபத்தினால் தன் மூலவியாதி சுகமாகிவிட்டது என்று சாட்சி சொன்னபோது, பின்வரிசையிலிருந்து "டாக்டர் பாத்தாரா பெரியப்பா?" என்று ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு பாட்டுப் பாடித்தான் சமாளித்திருக்கிறார்கள்.

வெறும் வம்பு என்றுதான் நானும் நினைத்தேன். அது வம்பு இல்லை என்று தெரிந்தது அவருடைய அண்ணன் படுத்தபோது.

வண்டியூருக்குக் கிழக்கே ஒரு கிராமம் அவர்களுக்கு. பாட்டன் காலம்வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி. மிஷன் பள்ளி வந்த பிறகு பிள்ளைகள் குமாஸ்தா, டீச்சர், டிரைவர் என்று ஆனார்கள். "எங்க அப்பாவுக்கு ஒரு குழி நெலம் கெடையாது. ஆனாலும் பாகம் பிரிச்சுக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு" என்று ஒருநாள் சொன்னார். அப்பா வயிற்றுவலியில் போனார். சித்தப்பா மூலம் என்று போனார். அத்தைக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எல்லோரும் ஐம்பதைத் தொடாதவர்கள். ஊரில் இதற்குச் சூடு என்று பெயர். சூட்டு உடம்புக்காரக் குடும்பம். மோர் குடி, வெந்தயம் ஊறவை, கருணைக்கிழங்கு சாப்பிடு. அண்ணனுக்கும் இரத்தம் போனது. மூலம் என்றார்கள். பின்வழியாகக் கேமராவை விட்டுப் பார்க்கவேண்டும் என்று தங்கை சொன்னபோது, ஆம்பள பண்ணுற காரியமா அது, எனக்கு ஒண்ணும் இல்ல, தூக்கிட்டுப் போ உன் பாடத்தை என்று விரட்டியிருக்கிறார். தாங்கமுடியாத வலி வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது குடலில் தொடங்கியது ஈரல்வரை போயிருந்தது.

உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டாராம். எல்லா நோயாளிகளிடமும் கேட்கிற கேள்விதான். எல்லோரும் இல்லை என்று தலையாட்டுகிற கேள்வி. அண்ணனுக்குத் துணையாக நின்ற டீச்சர், யார் யார், எந்த வயசில், எங்கே வலி என்று ஒன்று விடாமல் சொன்னார். இழவு வீடு இழவு வீடாக அவர் கேட்டுத் திரிந்ததெல்லாம் அந்த மேசையில் வந்து இறங்கியது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். பிறகு அண்ணனுக்கும் அவருக்கும் இரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

படியெடுத்த கயிற்றைப் பின்னாலேயே தடவிக்கொண்டு வந்து தப்பைத் திருத்துகிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்றேனே. அந்தக் கூட்டத்தில் ஒருவனைச் செய்வதற்கான குறிப்பிலேயே இவர்கள் குடும்பத்தில் பிழை. அந்தப் பிழையையும் உடம்பு பிசகாமல் படியெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமல் போகலாம், பாதிக்குப் பாதி. அண்ணனுக்கு இருந்தது. டீச்சருக்கும் இருந்தது. குடலில் முளைத்திருந்த சின்ன மொட்டுகளை அவருக்கு அப்போதே எடுத்துவிட்டார்கள். ஆண்டு தவறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். கடைசித் தம்பி மட்டும் மிச்சம். முப்பது வயசு. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் போனார்.

பிளக்ஸுக்கு டீச்சரேதான் வந்தார். நான் புறாவும் சிலுவையும் உள்ள பழைய கோப்பைத் திறந்து வைத்திருந்தேன். 'மெழுகுவர்த்தி அணைந்தது, வெளிச்சம் எங்களுக்குள்' என்று தொடங்கி நாலு வரியும் தயார். படித்தார். நல்லா இருக்கு கவிஞரே, எடுத்துருங்க என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்லுறதை அடிங்க என்றார். அடித்தேன்.

கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்.
இவர் மூலத்தால் சாகவில்லை. குடல் புற்றுநோயால் இறந்தார்.
இது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. எனக்கும் இருக்கிறது.
முதலிலேயே பார்த்தால் பிழைக்கலாம். நான் பிழைத்தேன்.
கீழே படத்தில் இருக்கும் எல்லோரும் போய்ப் பாருங்கள்.

கீழ்வரிசையில் முதலில் அவர் படம். பக்கத்தில் தம்பி. பிறகு பெரியப்பா மக்கள், சித்தப்பா மக்கள், அத்தை மக்கள். எல்லோரும் கல்யாண வீடுகளில் எடுத்த படங்கள், சந்தனப் பொட்டும் பட்டுச் சட்டையுமாகச் சிரித்துக்கொண்டு. துக்கம் தெரிவிக்கிறவர்களின் வரிசை. நான் ஆயிரம் முறை அடுக்கிய அதே வரிசைதான். அந்த ஒரு வாக்கியம் மேலே ஏறியதும் அது வேறு ஏதோவாக மாறிப்போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை மௌஸிலிருந்து தானாக எழுந்துவிட்டது.

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சர், வீட்டுக்குள்ள பேச வேண்டியதை ரோட்டுல கட்டலாமா என்றார். படத்தில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டாவது போட்டிருக்கலாமே என்று நானும் கேட்டேன்.

"கேட்டேன் கவிஞரே. வீடு வீடாப் போயிச் சொன்னேன். எல்லா வீட்டுலயும் காபி குடுத்தாங்க."

அவர்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் கட்டிய பிளக்ஸ் மறுநாள் காலைக்குள் கிழிந்து கிடந்தது. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்தார். "இன்னொண்ணு போடுங்க."

போட்டேன். அதையும் கிழித்தார்கள். இந்த முறை பெரியப்பாவே கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பைபிள். சபையில் பெரிய ஆள். வயசுப் பிள்ளைகள் மூன்று பேருக்கு வரன் பார்க்கிற நேரம், ஊர் முழுக்க எங்க இரத்தமே கெட்ட இரத்தம்னு நீங்கதான் அச்சடிச்சு விக்கிறீங்க, இதுக்கு மேல அடிச்சா நல்லா இருக்காது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். மாப்ள, இத்தோட நிறுத்திக்குவம், அந்தம்மா வந்தா மிஷினு ரிப்பேருன்னு சொல்லிரு என்றார்.

அன்று சாயங்காலம் டீச்சர் வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மிஷினை வைத்துக்கொண்டு ரிப்பேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோப்பைத் திறந்தேன். முதலாளி டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே கிளம்பிவிட்டார். இருந்தால் தடுக்கவேண்டி வரும் என்றுதான் போனார் என்பது எனக்குத் தெரியும்.

"கிழிக்கட்டும்" என்றார் டீச்சர். "எங்க வீட்டுல வியாதி மட்டுமா எறங்கியிருக்கு? வாயை மூடிக்கிறதும் சேந்துல்ல எறங்கியிருக்கு. அவங்க கிழிக்கிற வரைக்கும் நான் படியெடுப்பேன்."

அப்போதுதான் வாசலில் குட்டியானை வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமலே இறங்கினான் தம்பி. அக்காவின் அதே மூக்கு, அதே நடை. அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணே, என் தலைய அதுலருந்து தூக்குங்க."

நான் டீச்சரைப் பார்த்தேன். அவன் அக்கா பக்கம் திரும்பினான்.

"பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாய்ங்க. தெரியுமா?"

"தெரியும்."

"சந்தோசமா?"

"இல்லடா."

"உனக்கு இருந்தா எனக்கும் இருக்கணுமாக்கா? நீயே சொல்லு, இருக்கணுமா?"

"இருக்கணும்னு இல்ல. பாதிக்குப் பாதி. இல்லாமயும் போகலாம்."

"அப்ப இல்ல. எனக்கு இல்ல. தூக்கச் சொல்லு."

"அண்ணனும் இதைத்தான் சொன்னான்."

அவன் கண் கலங்கியதா, சாயங்கால வெயில் கூசியதா என்று தெரியவில்லை. நாலு பேரு முன்னால என்னைச் சாகப்போறவனா நிறுத்திட்ட என்றான். அந்தப் பொண்ணு என்கிட்ட நல்லாப் பேசிக்கிட்டு இருந்துச்சு, நேத்துலருந்து போனை எடுக்கல என்றான். டீச்சர் அவன் சொல்லி முடிக்கும்வரை நின்றுவிட்டு, பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"நீ போயிப் பாரு. ரத்தமும் குடு, கேமராவும் வைக்கச் சொல்லு. ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னா, மறு நிமிஷம் பஸ் ஸ்டாப்புல ஏறி நானே பிளக்ஸைக் கழட்டுறேன். அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல போயி நின்னு, நான் சொன்னது தப்பு, நான் ஒரு பைத்தியக்காரின்னு என் வாயால சொல்லிட்டு வாரேன். போதுமா?"

"சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

வேறு யாராவது இந்த வாக்கைக் கொடுத்திருந்தால் அவன் துப்பிவிட்டுப் போயிருப்பான். ஆனால் தப்பென்று தெரிந்தால் இவள் எந்த வாசலுக்கும் திரும்பி வருவாள் என்பது பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரியும். அந்த நம்பிக்கை எவ்வளவு கொடூரமானது என்று அவன் முகத்தில் பார்த்தேன். "சொல்ல வைக்கிறேன்டி" என்றான். முதல்முறையாக டி போட்டான். வண்டி சரளைக்கல்லைத் தெறிக்கவிட்டுக்கொண்டு கிளம்பியது. அக்காவின் முகத்தில் கரியைப் பூசுவதற்கென்றே பெரியாஸ்பத்திரிக்குப் போனான்.

மூன்றாவது பிளக்ஸை ஏனோ யாரும் கிழிக்கவில்லை. அது தொங்கிக்கொண்டிருந்த நாட்களில் டீச்சர் கடைக்கு வந்தால் உட்காரமாட்டார். நிற்பார், மிஷினைப் பார்ப்பார், போய்விடுவார். வாழ்க்கையில் முதல்முறையாக, தான் சொன்னது தப்பாக இருக்கவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அந்த வாசலில் போய் நின்று சொல்லவேண்டிய வார்த்தைகளைக்கூட உதட்டுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார்.

ஒரு மத்தியானம் வந்து, "இருந்துச்சு கவிஞரே" என்றார். இரத்தத்திலும் இருந்தது. குடலிலும் மொட்டுகள். ஒன்று மட்டும் புற்றாக மாறத் தொடங்கியிருந்தது, வெளியே பரவவில்லை, வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம், டீச்சர் கைகாட்டி நிறுத்திவிட்டாராம். இதைச் சொல்லும்போது குரலில் ஜெயித்த சாயல் துளிகூட இல்லை. தண்ணீர் கேட்டார். முழுச் செம்பையும் குடித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நான் பார்க்கப் பார்க்க, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

கீழ்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பெரியப்பாவும் போனார் என்று ஒரு பேச்சு. யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்று டீச்சரிடம் கேட்டேன். அவங்கவங்க சொல்லட்டும், எனக்கு வேண்டியது அவங்க போயிப் பாக்குறதுதான் என்றுவிட்டார்.

அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், மென்று விழுங்குவேன். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. ஒருத்தியைப் பறித்துத்தான் அவன் உயிரை அக்கா அவனிடம் திருப்பிக் கொடுத்தார். கேட்காமல் எடுத்த முகங்கள், கேட்காமல் கட்டிய பிளக்ஸ். இன்னொரு வழி இருந்திருக்கும் என்று எனக்குள் இருக்கிற மரியாதைக்காரன் இப்போதும் முணுமுணுக்கிறான். அந்த இன்னொரு வழியில் எல்லா வீட்டிலும் காபி கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

தம்பி அதற்குப் பிறகு அக்காவோடு பேசவில்லை. ஒரு சொல் இல்லை. ஈஸ்டருக்கு, கிறிஸ்துமஸுக்கு, எதற்கும் இல்லை. ஆண்டுதோறும் பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் போய்வருகிறான் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மூலமாக டீச்சருக்குத் தகவல் வரும்.

மாற்றல் உத்தரவு வந்ததும் எங்களிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார். கடைக்கு எதிரே நின்று மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "டீச்சர், போற ஊர்லயாச்சும் பிளக்ஸ் கடைக்காரனை நிம்மதியா இருக்க விடுங்க" என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவனியாபுரம் பக்கமிருந்து செங்கல் ஏற்றிய குட்டியானை ஒன்று வந்தது. ஓட்டுகிறவன் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டான். பக்கத்தில் வந்ததும் கழுத்தை மறுபக்கம் வெட்டித் திருப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் ஹாரனை நீளமாக அழுத்தி, கியரை மாற்றிக் கிளம்பினான். டீ கிளாஸில் புழுதி விழுந்தது.

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஊரைவிட்டே போகப் போறீங்க, இன்னுமா இவன் இப்படி என்று ஏதோ ஆறுதலுக்குச் சொல்லப் போனேன்.

டீச்சர் அந்த வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கழுத்தை எப்படித் திருப்பிக்கிட்டுப் போறான் பாத்தீங்களா கவிஞரே" என்றார். "அவனுக்கு என்னா தெம்பு."